மஞ்சளேறிய மருந்து

குஞ்சம்மாளின் பணிப் பதிவேட்டில் சொல்லும்படியாக இரண்டே வரிகள் இருக்கின்றன. 1961-ல் ஏ.என்.எம். என்கிற கிராமப் பிரசவ நர்ஸாக வேலையில் சேர்ந்தார் என்பது ஒன்று. 1980-ல் பணியில் அலட்சியமாக இருந்ததற்காகக் கண்டிக்கப்பட்டார் என்பது இன்னொன்று. முதல் வரி உண்மை, இரண்டாவது பொய். அந்தப் பொய்யை டைப் அடித்தவன் நான். அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

என் பெயர் குருநாதன். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் பாதையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுபத்தேழாம் வருடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கிருந்து நாலு மைலில் சுண்ணாம்புக்குறிச்சி. அந்த ஊர் துணை மையத்தில்தான் குஞ்சம்மாள் இருந்தார். ஓட்டுச் சாய்ப்பில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். பிரசவம் எல்லாம் வீடுகளில்தான்.

அவருடைய அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். அவர்கள் தெருவில் எட்டாவது வரை படித்த முதல் பெண் குஞ்சம்மாள். அரசு விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, இருபத்துமூன்று வயதில் வேலைக்கு வந்தார். கணவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தார். பதினெட்டு வருடத்தில் குஞ்சம்மாள் கையில் பிறந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல். மேலத்தெரு வீடுகளில் அவரை மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். பிரசவ வலி முற்றிய பிறகு மட்டும் யாருக்கும் தெரு ஞாபகம் வராது. என் அண்ணன் மகனை எடுத்ததும் அவர்தான். அன்று எங்கள் வீட்டில் அவருக்குக் காபி கொடுத்த டம்ளர் பிறகு கொல்லைப்புறத்துச் சுவர் மேலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘சார்’ என்பார். நான் எல்லோரையும்போல ‘நர்சம்மா’ என்பேன்.

எழுபத்தொன்பது சித்திரையில் எங்கள் நிலையத்துக்குப் புது மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றில் எர்கோமெட்ரின் ஊசிமருந்தும் ஒன்று. கண்ணாடி ஆம்பூல்கள், சுண்டுவிரல் பருமன். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் திறந்துவிட்ட குழாய்போல ரத்தம் போகும். அதைச் சுருங்க வைக்கிற மருந்து இது. ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் அடிவயிற்றில் கை வைத்தால் தேங்காய் மாதிரி கெட்டியாகத் தெரியும் என்று குஞ்சம்மாள் சொல்வார்.

அந்த வருடம் அப்படித் தெரியவில்லை. வைகாசியில் ஒருத்திக்கு ஊசி போட்டும் கர்ப்பப்பை பிசைந்த மாவுபோலக் கிடந்தது. ஆனியில் இரண்டு பேருக்கு அதேபோல. மூன்று பேரையும் கையாலேயே வயிற்றை அமுக்கிப் பிடித்து, மணிக்கணக்காக விடாமல் உட்கார்ந்து காப்பாற்றினார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

“ஊசிய நான்தான் சரியா ஏத்தலயோன்னு நெனச்சேன் சார். வயசாவுது, கை நடுங்குதோன்னு. என்மேலதான் மொதல்ல சந்தேகம் வந்துச்சு” என்று பிறகு சொன்னார்.

ஆடி மாதம் மலர்க்கொடிக்குப் பிரசவம். இருபத்திரண்டு வயது. கணவன் செல்லக்கண்ணு, மாமியார் ஆண்டாயி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சுண்ணாம்புக்குறிச்சிக் கீழத்தெருவில் வீடு. இது இரண்டாவது பிள்ளை. வலி எடுத்துக் கிடக்கும்போதும் அவள் குஞ்சம்மாளிடம் பேசிக்கொண்டே இருந்தாளாம். “இது பொறந்ததும் எனக்கு லூப்பு வச்சு வுட்டுருங்க நர்சம்மா. இனிமே புள்ள எனக்கு ஆவாது.”

மதியம் இரண்டு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது. அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. குஞ்சம்மாள் ஓர் ஊசி போட்டார். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. பிள்ளையை மார்பில் போட்டார். வயிற்றைப் பிசைந்தார். மூன்றாவது ஊசியும் போட்டார். தண்ணீரைக் குத்தின மாதிரி இருந்தது என்றார். செல்லக்கண்ணு சுரங்கத்து ரோட்டுக்கு ஓடி, கல் ஏற்றிவந்த லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினான். டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். மலர்க்கொடியை சீட்டில் படுக்கவைத்து, குஞ்சம்மாள் கீழே முட்டி போட்டு, ஒரு கை முஷ்டியை உள்ளே வைத்து, மறு கையால் வயிற்றை மேலிருந்து அமுக்கிக்கொண்டே வந்தார். அரியலூருக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது அவள் மூச்சு நின்றுவிட்டது. அது குஞ்சம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல் வரை கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மேசைக்கு வந்தார். குளித்துத் துவைத்த வெள்ளைச் சேலை. இரண்டு ஆம்பூல்களை எடுத்து என் எதிரே இருந்த வெள்ளைக் காகிதத்தின் மேல் அருகருகே வைத்தார்.

“பாருங்க சார். இது போன வருசத்துச் சரக்கு, பெட்டியில ஒண்ணு மிஞ்சிக் கெடந்துச்சு. இது புதுசு.”

பழையது தண்ணீர்போல இருந்தது. புதியது வடித்த கஞ்சி ஆறியதுபோல, லேசாக மஞ்சளேறி இருந்தது. காகிதத்தின் மேல் வைக்காமல் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. என் கண்ணுக்கே தெரிந்தது. நான் எந்த மருந்தும் படித்தவன் இல்லை.

டாக்டர் காசிநாதனிடம் அழைத்துப் போனேன். எங்கள் நிலையத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது அவருக்கு. கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆம்பூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கலர் மாறினா மருந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? அதை நாம எப்படிச் சொல்றது?”

“கலரு எப்படியோ போவுது சார். நாலு பேருக்குப் போட்டேன், நாலு பேருக்கும் நிக்கல. பதினெட்டு வருசமா போடறேன், எனக்குத் தெரியாதா?”

“உன் சப் சென்டர்ல நிறுத்திக்க. மேல எழுதிப் போடு. மத்த இடத்துக்கு நான் எப்படி நிறுத்தச் சொல்ல முடியும்? ரிப்போர்ட் இல்லாம ஒரு மருந்தை நிறுத்தினா என்னைத்தான் கேப்பாங்க.”

எழுதிப் போடுவதற்கு ஃபாரம் கேட்டார் குஞ்சம்மாள். நான் பீரோவைத் திறந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டினேன். உடைந்த தெர்மாமீட்டருக்கு ஃபாரம் இருந்தது, மூன்று நகல் வேண்டும். ஓட்டை விழுந்த வாளியைக் கழித்துவிட ஃபாரம் இருந்தது. எலி கடித்த பஞ்சுக்கு இருந்தது. அம்மை குத்தியவர்களின் இடது கைத் தழும்பைக் கணக்கெடுத்த ஃபாரம்கூட மிச்சம் கிடந்தது. அரசாங்கம் கொடுத்த மருந்து வேலை செய்யாமல் ஒரு பெண் செத்தால், அதை எழுதி அனுப்ப ஒரு துண்டுக் காகிதம் அச்சடிக்கப்படவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. இல்லை, நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சடிக்காமல் விட்டார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளைத் தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மருந்தின் தரத்தில் ஐயம் ஏற்பட்டுள்ளது’ என்று தொடங்கியவனை நிறுத்தினார்.

“ஐயம்னு எழுதாதீங்க சார். நான் பாத்தேன்னு எழுதுங்க.”

கடிதம் டாக்டர் வழியாக மாவட்ட அதிகாரிக்குப் போனது. ஐந்து வாரம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. கடிதத்துடன் இரண்டாவது நகல் இணைக்கப்படவில்லை, இணைத்துத் திரும்ப அனுப்பவும். நகலை அனுப்பினோம். அதன் பிறகு எதுவும் இல்லை. இதற்கிடையில் அதே பெட்டியிலிருந்து மற்ற துணை மையங்களுக்கு ஆம்பூல்கள் போய்க்கொண்டே இருந்தன. எடுத்துக் கொடுத்தவன் நான். கேட்டு வந்தார்கள், கொடுத்தேன். கொடுக்காதே என்று உத்தரவு இல்லை.

ஐப்பசியில் குஞ்சம்மாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அரியலூரில் ரயில் ஏறினார். மாவட்டத் தலைமையிடத்துக்கு நேராகப் போய் மருந்து ஆய்வாளரைப் பார்ப்பதென்று முடிவு செய்திருந்தார். எக்ஸ்ரே படம் சுற்றி வரும் கறுப்புத் தாளில் ஆறு ஆம்பூல்களைச் சுற்றி, ஈர மணல் நிரப்பிய ஒரு சின்னக் கலயத்தில் புதைத்து, மடியில் வைத்துக்கொண்டு போனார். வெயில் பட்டு இன்னும் கெட்டுப்போனால், போகும் வழியில் கெட்டது என்று சொல்லிவிடுவார்களே என்று பயம்.

ஆய்வாளர் பெயர் வைரக்கண்ணு. மாவட்டம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். எத்தனை மருந்துக் கடை, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கிடங்கு என்று அவருக்கே எண்ணிக்கை தெரியாது. ஜீப் கிடையாது. கலயத்தைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினாராம்.

“அம்மா, நீங்க கொண்டாந்தது சட்டப்படி சாம்பிள் இல்லீங்க. நான் நேர்ல வந்து, சாட்சி வச்சு, சீல் போட்டு எடுத்தாத்தான் சாம்பிள். இதை அனுப்பினா கோர்ட்ல நிக்காது.”

“எப்ப வருவீங்க சார்?”

“லிஸ்ட் போட்டிருக்கேன். உங்க பக்கம் வர மாசி ஆகும். அதுவும் இது கவர்மென்ட் ஸ்டோர் மருந்து. வாங்கினது வேற ஆபீஸ், சப்ளை பண்ணினது வேற ஆபீஸ். கடையில வித்திருந்தா நான் உடனே சீல் வச்சிருப்பேன்.”

“கடையில வாங்குறவங்க மட்டும்தான் சாவாம இருக்கணுங்களா?”

குஞ்சம்மாள் கலயத்தை அவர் மேசை மேலிருந்து எடுக்கவில்லை.

“ஆம்பூல கொண்டாந்தா சாம்பிள் இல்லேங்கிறீங்க. செத்தவள கொண்டாந்திருந்தா எடுத்துப்பீங்களா சார்?”

மாசிக்குக் காத்திருக்காமல், மூன்றாவது வாரமே வைரக்கண்ணு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த மனிதருக்கு அந்த மரியாதையை நான் கொடுத்தாக வேண்டும். எங்கள் மருந்து அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரில் கை வைத்துச் சூடு பார்த்தார். ஆம்பூல்களை நான்கு பங்காகப் பிரித்து, உறையிலிட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். நானும் டாக்டரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு பங்கு சென்னைக்குச் சோதனைக்குப் போகும் என்றார்.

“ரிப்போர்ட் வர்றவரைக்கும் மிச்சத்த நிறுத்தி வைக்கச் சொல்லலாமா சார்?” என்று கேட்டார் குஞ்சம்மாள்.

“ரிப்போர்ட் வந்தாத்தான் நிறுத்தச் சொல்ல முடியும்” என்றார் அவர். சொல்லும்போது குஞ்சம்மாளைப் பார்க்காமல் அரக்கு மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

உத்தரவு வராது என்று தெரிந்ததும் குஞ்சம்மாள் தானே கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் பஸ் ஏறி, சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒன்பது ஏ.என்.எம். நர்ஸுகளையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். ஆம்பூலை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இதை நம்பி உட்காராதே, ரத்தம் அதிகமானால் உடனே வண்டி பார் என்று சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை ஊசி, நின்றதா, நிற்கவில்லையா. மார்கழிக்குள் நாற்பத்தாறு பெண்கள் அந்த நோட்டில் இருந்தார்கள். பத்தொன்பது பேருக்கு நிற்கவில்லை. மலர்க்கொடியைத் தவிர இன்னொருத்தி செத்திருந்தாள். ஜெயங்கொண்டம் பக்கம், தனம் என்று ஒருத்தி. மூன்று குழந்தைகளின் தாய்.

ஒரு மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை, எட்டாவது படித்த ஒரு பெண், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் செய்து முடித்தார். அந்த நோட்டை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் அதை மேலே அனுப்பினார்.

அதற்குப் பதில் சீக்கிரம் வந்தது. பதினோரு நாள். தை மாதம் குஞ்சம்மாள் மேல் பதினேழு பி மெமோ. அரசு வேலையில் அந்த எண்ணுக்கு உள்ள அர்த்தம் தெரியாதவர் கிடையாது. வேலையையே பறிக்கக்கூடிய குற்றச்சாட்டு. மூன்று குற்றங்கள். அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறியது. அரசு மருந்தைப் பற்றிப் பொதுமக்களிடையே பீதி கிளப்பி, குடும்பக்கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் வராமல் செய்தது. மலர்க்கொடி என்ற பெண்ணைத் தாமதமாக மருத்துவமனைக்கு அனுப்பி மரணத்துக்குக் காரணமாக இருந்தது.

மேலதிகாரி ஆபீஸிலிருந்து வந்த வரைவைப் பார்த்து நான் டைப் அடித்தேன். இரண்டாவது குற்றத்தில்தான் விஷயம் இருந்தது. அந்த வருடம் ஆபரேஷன் முகாமுக்குக் கொடுத்த இலக்கில் பாதிகூட எட்டவில்லை. பத்தொன்பது பெண்களின் ரத்தம் அவர்களை உசுப்பவில்லை. முகாமுக்கு வராத பெண்கள் உசுப்பினார்கள். மூன்றாவது குற்றத்தை அடிக்கும்போது லாரியில் முட்டி போட்டு வந்த கதை எனக்குத் தெரியும். விரல் நிற்கவில்லை. மூன்று நகல், கார்பன் வைத்து, பிழையில்லாமல் அடித்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வந்தவர் நின்றபடியே முழுக்கப் படித்தார்.

“நல்லா அடிச்சிருக்கீங்க சார்” என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நோட்டை ஆதாரமாக ஏற்கவில்லை, அது அரசுப் பதிவேடு அல்ல என்றார்கள். மருந்து சோதனையில் இருக்கிறது, அறிக்கை வரும்வரை பொறுங்கள் என்று கேட்டார் குஞ்சம்மாள். அறிக்கைக்கும் இந்த விசாரணைக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். கடைசியில், பெரிய மனதுபண்ணி, கண்டனத்தோடு விட்டார்கள். அதோடு மாறுதல். அரியலூர்ச் செம்மண்ணிலிருந்து நாற்பது மைல் தள்ளி, பெரம்பலூருக்கும் மேற்கே, பூலாம்பாடி தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு துணை மையம். கணவரைச் சுரங்க வேலையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

சென்னை அறிக்கை எண்பத்தொன்று பிப்ரவரியில் வந்தது. ஆய்வாளர் அரக்கு வைத்து அனுப்பிப் பதினைந்து மாதம் கழித்து. நான்தான் உறையைப் பிரித்தேன். மருந்தின் பெயர், பேட்ச் எண், பிறகு ஒரு வரி. லேபிளில் சொன்ன அளவில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு மருந்துதான் உள்ளது. தரமற்றது.

நூற்றுக்கு இருபத்திரண்டு. அதாவது மலர்க்கொடிக்கு மூன்று ஊசி போட்டும் ஒரு முழு ஊசி அவள் உடம்பில் ஏறவில்லை.

அறிக்கையோடு ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. மேற்படி பேட்ச் மருந்து கையிருப்பில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், இல்லையெனில் ‘இல்லை’ என்று சான்று அனுப்பவும். அந்த மருந்தின் காலாவதி தேதியே முந்தின நவம்பரோடு முடிந்திருந்தது. கடைசி ஆம்பூலும் யாரோ ஒருத்தியின் தொடையில் ஏறிப் பல மாதம் ஆகியிருந்தது. ‘இல்லை’ என்று அடித்து அனுப்பினோம். மருந்து செய்த கம்பெனியைக் கேட்டார்களாம். நாங்கள் நல்ல மருந்துதான் கொடுத்தோம், உங்கள் கிடங்கு வெயிலில் கெட்டிருக்கும் என்றது கம்பெனி. கிடங்குக்காரர்கள் கம்பெனியைக் கைகாட்டினார்கள். இரண்டு பக்கமும் கடிதம் எழுதி, கோப்பின் மேல் ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த அறிக்கையைக் கையால் நகல் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை பெரம்பலூர் போய், அங்கிருந்து பூலாம்பாடி பஸ் பிடித்து, பிறகு இரண்டு மைல் நடந்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த விஷயத்தில் யாரும் சொல்லாமல் நானாகச் செய்த முதல் காரியம் அது. சத்து மாத்திரை வாங்க வந்த பெண்கள் போன பிறகு உட்கார்ந்து படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“செத்தவங்க பேரு எங்க தம்பி?”

முதல்முறையாகத் தம்பி என்றார். “அறிக்கையில அதெல்லாம் வராதுக்கா” என்றேன். எனக்கும் அக்கா என்று அன்றுதான் வந்தது.

“மருந்துல இருபத்திரெண்டு பங்குன்னு எழுதத் தெரியுது. ரெண்டு பொம்பளன்னு எழுதத் தெரியலயா?”

அடுத்த வாரம் அவர் சுண்ணாம்புக்குறிச்சிக்கு வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு செல்லக்கண்ணு வீட்டுக்குப் போனார். மலர்க்கொடி செத்த பிறகு அந்தத் தெருவில் அவரை யாரும் வா என்று கூப்பிட்டதில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் நர்ஸின் அலட்சியம் என்று அந்த வீட்டு வாசலில் நின்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். செல்லக்கண்ணு எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அம்மா ஆண்டாயி மட்டும் முறத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்த பையன் ஒன்றரை வயதில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார்.

“அத்த, இது மெட்ராஸ்லேருந்து வந்த காயிதம். அன்னிக்கு நான் மலருக்குப் போட்ட மருந்து கெட்ட மருந்துன்னு எழுதியிருக்கு. மருந்துல மருந்தே இல்ல.”

ஆண்டாயி முறத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் தண்ணி தூக்கச் சொன்னதுனால இல்லியா?”

எங்களுக்குப் புரியவில்லை. பிறகு சொன்னார். பிரசவத்துக்கு முந்தின நாள், தனக்கு முழங்கால் வலி என்று, மருமகளை இரண்டு நடை தண்ணீர் தூக்கி வரச் சொல்லியிருந்தார். அதனால்தான் உதிரம் நிற்காமல் போனது என்று தெருவில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மகனும் ஒரு நாள் கோபத்தில் அதையே சொல்லியிருக்கிறான். ஒன்றரை வருடமாக ஆண்டாயி அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்தார். மகன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“தண்ணி தூக்கினதுனால இல்ல அத்த. நீங்க ஒண்ணும் பண்ணல. நானும் ஒண்ணும் பண்ணல. நல்ல மருந்தா இருந்திருந்தா மலரு இன்னிக்கு இங்க ஒக்காந்திருக்கும்.”

உள்ளே இருந்த செல்லக்கண்ணு வெளியே வந்தான். காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். “ஆரு தப்புன்னு போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டான்.

யார் தப்பும் போடவில்லை என்று சொன்னேன்.

அவன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்த வீட்டில் அன்று அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. நாங்கள் வந்துவிட்டோம்.

பிறகு இரண்டு மனுக்கள் போயின. ஒன்று, அறிக்கையை இணைத்துக் கண்டனத்தை ரத்து செய்யக் கேட்டு குஞ்சம்மாள் போட்டது. நான்தான் எழுதினேன். சோதனைக்கு எடுத்த ஆம்பூலும் மலர்க்கொடிக்குப் போட்ட ஆம்பூலும் ஒரே தன்மையுடையவை என்று நிரூபிக்கப்படவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. இன்னொன்று செல்லக்கண்ணு கைநாட்டு வைத்து அனுப்பியது. என் மனைவி யார் கொடுத்த மருந்தால் செத்தாள் என்ற ஒரே கேள்விதான் அதில். சம்பந்தப்பட்ட ஆம்பூலை ஆதாரமாக நேரில் தாக்கல் செய்யுமாறு அவனுக்குக் கடிதம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் உடைத்துப் போட்ட கண்ணாடியை அவன் எங்கே போய்த் தேடுவான்? அந்தக் கடிதத்தை எழுதியவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுதினார்.

அதோடு குஞ்சம்மாள் அரசாங்கத்தை எதிர்பார்ப்பதை விட்டார். எண்பத்துமூன்றில், மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிய சமயம், எங்கள் பக்கம் வந்த குளுக்கோஸ் பாட்டில்களில் ஒரு பேட்ச் ஏற்றினால் நோயாளிகளுக்குக் குளிர்ஜுரம் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. முதலில் பார்த்த நர்ஸ் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், பெயர் கமலவேணி. குஞ்சம்மாள் பஸ்ஸில் தேடிப்போன ஒன்பது பேரில் ஒருவர். அவர் மேலே எழுதிப் போட்டார். அது போகிற இடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அன்றே தபால் கார்டு வாங்கி, பேட்ச் எண்ணை எழுதி, தெரிந்த நர்ஸுகள் எல்லோருக்கும் அனுப்பினார். பூலாம்பாடிக்கும் ஒன்று போனது. குஞ்சம்மாள் அங்கிருந்து பெரம்பலூர் பக்கத்து நர்ஸுகளுக்கு இன்னும் பதினைந்து கார்டு போட்டார். லப்பைக்குடிக்காடு வரை போனது. நாலு நாளில் இரண்டு தாலுக்காவிலும் அந்தப் பாட்டிலை யாரும் தொடவில்லை. நோயாளிகளை உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் சமாளித்தார்கள். எங்கள் நிலையத்துக்கு வந்த கார்டை டாக்டர் காசிநாதன் படித்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தானே பூட்டி வைத்தார். அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு ஏழு மாதம் கழித்து வந்தது.

இப்போது எண்பத்தெட்டு. நான் வேறு ஆபீஸுக்கு மாறிவிட்டேன். மாவட்டத்துக்கு மருந்து ஆய்வாளர் பதவி இரண்டாக்கப்பட்டிருக்கிறது, அதில் ஒன்று மூன்று வருடமாகக் காலி. மருந்து கெடுதல் செய்தால் எழுதி அனுப்ப ஃபாரம் இன்னும் வரவில்லை. குஞ்சம்மாள் பச்சைமலை அடிவாரத்திலேயே இருக்கிறார். கணவர் சுரங்க வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார். கண்டனம் அவர் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அது இருப்பதால் பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். போன மாதம் நான்காவது மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

“வுடு தம்பி, எத்தன தடவ எழுதுவ” என்றார்.

“அவங்க எடுக்கிற வரைக்கும்” என்றேன்.

வாங்கிப் படித்துவிட்டு, ஓர் இடத்தில் விரல் வைத்து நிறுத்தினார். இரண்டு பெண்கள் இறந்தனர் என்று நான் எழுதியிருந்தேன்.

“பேரு போடு” என்றார்.

மலர்க்கொடி, தனம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.